டிராக்டரில் டீசல் கசிந்தால் என்ன செய்ய வேண்டும்?

கிராமத்தில் டிராக்டர் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். டீசல் சொட்டிச் சொட்டி ஊறிய இடம் அது. "பழைய வண்டி என்றால் சொட்டத்தான் செய்யும்" என்று சொல்லி, குழாயில் துணியைச் சுற்றிவிட்டு வேலைக்குப் போவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. வைக்கோல் போரின் பக்கத்திலும் மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலும் நிற்கும் வண்டிக்கு இந்த அலட்சியம் கூடாது.

கசிவுகள் இரண்டு வகைப்படும். தேய்மானத்தாலும் கவனக்குறைவாலும் வருவது முதல் வகை. இதை வண்டிக்காரரே சரிசெய்து கொள்ள வேண்டும். தொழிற்சாலையிலேயே ஏற்பட்ட பழுதால் வருவது இரண்டாவது வகை. இந்தப் பழுது உயிருக்கு ஆபத்து தரக்கூடியது என்றால், வண்டியைத் திரும்ப அழைத்துச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டியது தயாரித்தவரின் பொறுப்பு. எந்தக் கசிவு எந்த வகை என்று தெரிந்து கொண்டால் பணமும் மிச்சம், ஆபத்தும் விலகும்.

கசிவு ஏன் ஆபத்து?

பெட்ரோல் உறைநிலைக்கு 40 டிகிரி கீழே இருக்கும்போதும் தீப்பற்றக் கூடிய ஆவியை வெளிவிடும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். வண்டி ஓரிடத்தில் கசிய, சில கெஜ தூரத்தில் எரியும் அடுப்போ பீடியோ அதைப் பற்ற வைத்துவிடும்.

டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. அதனாலேயே டீசல் கசிவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சுமையோடு ஓடும் எஞ்சினில் புகை வெளியேறும் மேனிபோல்டு 400 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறும். அந்தச் சூட்டில் விழும் டீசல், பொறி எதுவும் இல்லாமலே தீப்பற்றக் கூடும். மெல்லிய துவாரத்தின் வழியாகப் புகைபோலப் பீச்சும் டீசல் இன்னும் வேகமாகப் பற்றும். கதிரடிக்கும் காலத்தில் எஞ்சின் மேல் வைக்கோல் தூசும் பதரும் படிந்திருக்கும். டீசலில் நனைந்த பதர் விளக்குத் திரிக்குச் சமம்.

அறுந்து தொங்கும் மின்கம்பியும், தளர்ந்த பாட்டரி இணைப்பும் பொறி தருபவை. கசிவும் மின்பொறியும் ஒரே இடத்தில் சந்தித்தால் வண்டியோடு களத்து மேட்டில் உள்ள விளைச்சலும் போய்விடும்.

சொட்டும் துளிக்குக் கணக்கு

கசிவால் ஏற்படும் நட்டத்தை ஒவ்வொருவரும் தாமே அளந்து பார்க்கலாம். கசியும் இடத்தின் கீழே ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். சேர்ந்த டீசலை மருந்து அளக்கும் குவளையில் ஊற்றிப் பார்த்தால் அளவு தெரியும். ஒரு மணிக்கு 25 மில்லி லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 600 மில்லி லிட்டர். மாதம் 18 லிட்டர். பழுதைச் சரிசெய்யத் தேவைப்படுவதோ பெரும்பாலும் ஒரு செப்பு வாஷர் அல்லது ஒரு சாண் ரப்பர் குழாய்தான்.

எரிபொருள் போகும் பாதை

கசிவைக் கண்டுபிடிக்க, டீசல் போகும் பாதை தெரிந்திருக்க வேண்டும். டேங்கில் இருந்து திறப்புக் குழாய் வழியாக டீசல் இறங்குகிறது. பல டிராக்டர்களில் அங்கே தண்ணீரும் அழுக்கும் தங்குவதற்கு ஒரு கிண்ணம் இருக்கும். பிறகு பீட் பம்பு டீசலை இழுத்துப் பில்டர்களுக்கு அனுப்புகிறது. பில்டரில் வடிந்த டீசல் இன்ஜெக்ஷன் பம்புக்குப் போகிறது. அந்தப் பம்பு அதிக அழுத்தத்தில், இரும்புக் குழாய்கள் வழியாக நாசில்களுக்குத் தள்ளுகிறது. நாசிலில் மிஞ்சிய டீசல் மெல்லிய குழாய் வழியாகத் திரும்பி வருகிறது.

இந்தப் பாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொள்ளலாம்.

1. டேங்கில் இருந்து பீட் பம்பு வரை இழுக்கும் பகுதி. இங்கே கசிவு இருந்தால் நிற்கும்போது டீசல் சொட்டும். ஓடும்போது வெளியே சொட்டாமல் உள்ளே காற்றை இழுத்துக் கொள்ளவும் கூடும். எஞ்சின் விட்டு விட்டு ஓடும், திடீரென்று நிற்கும், காலையில் எளிதில் கிளம்பாது. "ஏர் பிடித்துவிட்டது" என்று அடிக்கடி காற்று எடுக்க வேண்டி வந்தால், இந்தப் பகுதியில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2. பீட் பம்பில் இருந்து இன்ஜெக்ஷன் பம்பு வரை குறைந்த அழுத்தத்தில் தள்ளும் பகுதி. பில்டர் கேஸ்கட், குழாய் போல்ட்டில் உள்ள வாஷர் ஆகியவை இங்கே பெரும்பாலும் பழுதாகும். எஞ்சின் ஓடும்போது ஈரம் தெரியும்.

3. இன்ஜெக்ஷன் பம்பில் இருந்து நாசில் வரை உள்ள உயர் அழுத்தப் பகுதி. இங்கே கசிவு துளியாக இல்லாமல் மெல்லிய தூறலாகவும் வரலாம். மிகவும் ஆபத்தான பகுதி இதுதான்.

வெளியே தெரியாத கசிவும் ஒன்று உண்டு. பீட் பம்பின் டயப்ரம் கிழிந்தாலோ, இன்ஜெக்ஷன் பம்பின் சீல் கெட்டாலோ டீசல் எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெயின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். எண்ணெய் நீர்த்துப் போய் டீசல் வாடை வீசும். அப்படி இருந்தால் எஞ்சினை ஓட்டக் கூடாது. ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து பெரும் செலவு வைக்கும்.

கண்டுபிடிக்கும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பாதை முழுவதையும் பழந்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். இணைப்புகளைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளோ, முகத்துக்குப் போடும் பவுடரோ தூவலாம். டேங்க் திறப்பைத் திறந்து கால் மணி நேரம் விட்டால், ஈரம் படும் இடம் முதலில் கறுக்கும். அதுவே கசியும் இடம். கீழே சொட்டுகிற இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மேலே கசிந்த டீசல் குழாயோடு ஓடி வேறொரு இடத்தில் சொட்டும்.

நிற்கும்போது ஒன்றும் தெரியாவிட்டால், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு எட்டி நின்று பார்க்க வேண்டும். உயர் அழுத்தக் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது. ஊசித் துவாரம் வழியாகப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மறுநாள் வரை காத்திராமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் நீளமான அட்டை ஒன்றைக் காட்டினால் போதும். பீச்சும் இடத்தில் அட்டை நனையும்.

சரிசெய்யும் முறை

வேலையைத் திறந்த வெளியில், நிழலில், பகலில் செய்ய வேண்டும். பாட்டரியின் நெகடிவ் இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். டேங்க் திறப்பை மூடிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

ரப்பர் குழாய்: வெடிப்பு, உப்பல், எலி கடித்த தழும்பு இருந்தால் குழாயை முழுவதும் மாற்ற வேண்டும். டீசல் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். சைக்கிள் டியூப்பும், தண்ணீர்க் குழாயும் டீசலில் ஊறி உப்பிக் கிழிந்துவிடும். அவற்றைப் போடக் கூடாது. குழாயை இறுக்கக் கட்டுக்கம்பி வேண்டாம், அது ரப்பரை அறுத்துவிடும். திருகு உள்ள கிளிப் போட வேண்டும். மேனிபோல்டில் இருந்து விலகியும், உராயாமலும் குழாய் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட் இணைப்பு: பில்டரிலும் பம்பிலும் உள்ள துளை போல்ட்டுகளுக்கு இருபக்கமும் செப்பு அல்லது அலுமினிய வாஷர் உண்டு. ஒருமுறை அழுத்தப்பட்ட வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. கழற்றும் ஒவ்வொரு தடவையும் புதிய வாஷர் போடுவதே முறை. கசிகிறது என்று மேலும் மேலும் முறுக்கினால் மரை கெட்டுவிடும்.

பில்டர் கிண்ணம்: கேஸ்கட்டைப் புதிதாக மாற்றும்போது பழையது மேலே ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கேஸ்கட் சேர்ந்தால் கட்டாயம் கசியும்.

உயர் அழுத்தக் குழாய்: வெடித்த குழாயைப் பற்ற வைத்து ஓட்டக் கூடாது. அதே மாடலுக்கு உரிய புதிய குழாயைப் போட வேண்டும். குழாய்கள் அதிராமல் இருப்பதற்குக் கம்பெனியில் போட்ட பிடிப்புக் கிளிப்புகளைக் கழற்றி எறிந்துவிடுவதாலேயே பல குழாய்கள் வெடிக்கின்றன. அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும். கணினி மூலம் டீசல் செலுத்தும் காமன் ரெயில் வகை எஞ்சின்களில் அழுத்தம் 1,000 கிலோவுக்கும் மேல் போகும். அவற்றில் உயர் அழுத்த இணைப்புகளை வயலில் கழற்றவே கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

டேங்க்: துருவால் ஓட்டை விழுந்த டேங்கை அப்படியே வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்தாக நிற்கும். எரிபொருள் டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, ஆவி நீங்கக் கழுவிய பிறகே பற்ற வைக்க வேண்டும். ஓட்டை பல இடங்களில் இருந்தால் புதிய டேங்க் போடுவது நலம்.

காற்று எடுத்தல்

பழைய வகை பம்பு உள்ள எஞ்சினில் பாதையைக் கழற்றி மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் டேங்கில் போதிய டீசல் ஊற்றித் திறப்பைத் திறக்க வேண்டும். முதல் பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரையும் குமிழியும் நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை முறுக்கிவிட வேண்டும். இதே முறையில் இரண்டாவது பில்டர், பிறகு இன்ஜெக்ஷன் பம்பு என்று வரிசையாகச் செய்ய வேண்டும். வெளியே வரும் டீசலைக் கிண்ணத்தில் பிடித்து, சிந்தியதைத் துடைத்த பிறகே பாட்டரியை இணைத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சரிசெய்த இணைப்பைக் கால் மணி நேரம் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சோப்பு, துணி, நூல், பிசின் ஆகியவற்றால் அடைப்பது மெக்கானிக்கிடம் போய்ச் சேரும் வரைக்கும்கூட நம்பத் தக்கதல்ல. சூட்டில் இளகிக் கழன்று விழும். கழன்ற சோப்பும் நூலும் பாதைக்குள் போனால் பில்டரும் அடைபடும்.

பெட்ரோல் எஞ்சின்கள்

விசைத் தெளிப்பான், களை எடுக்கும் கருவி, மோட்டார் சைக்கிள், மொபெட் ஆகியவற்றில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தெளிப்பான் முதுகில் இருக்கும்போது கசிந்தால் சட்டையே நனையும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. கீழே இறக்கி வைத்து, ஆறவிட்டு, புனல் வைத்து ஊற்ற வேண்டும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தக் கலவைக்கென்று தயாரிக்கப்படாத பழைய எஞ்சின்களில் ரப்பர் குழாயும் சீலும் விரைவில் கெட வாய்ப்பு உண்டு. ஆகவே பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாயை அடிக்கடி வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

எந்த வண்டியானாலும் டேங்கைக் கழுத்து வரை நிரப்புவது தவறு. சூடேறினால் எரிபொருள் விரியும். நிலத்தடித் தொட்டியில் இருந்து குளிர்ச்சியாக வந்த 50 லிட்டர் டீசல், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் கூடும். இடம் இல்லாவிட்டால் அது மூடி வழியாக வழிந்து வெளியே வரும்.

பழுது தயாரிப்பிலேயே இருந்தால்

வாங்கிச் சில மாதமே ஆன வண்டி கசிகிறது, சரிசெய்த பிறகும் அதே இடத்தில் மீண்டும் கசிகிறது, அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் அதே தொல்லை என்றால், பழுது தொழிற்சாலையில் நேர்ந்ததாக இருக்கலாம். இப்படிப்பட்ட வண்டிகளைத் தயாரித்தவரே கூப்பிட்டுச் சரிசெய்து தருவதை ஆங்கிலத்தில் ரீகால் என்கிறார்கள். தமிழில் திரும்ப அழைத்தல் எனலாம். வண்டியை ஒரேயடியாக எடுத்துக் கொள்வார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பெரும்பாலும் குறிப்பிட்ட பாகத்தைச் சோதித்து, பழுது இருந்தால் இலவசமாக மாற்றி, வண்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

நம் நாட்டில் நடந்த ஓர் உதாரணம் பாடமாக உள்ளது. 2014 ஏப்ரலில் மாருதி சுசுகி நிறுவனம் எர்டிகா, ஸ்விப்ட், டிசையர் கார்களில் மொத்தம் 1,03,311 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவை 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரானவை. எரிபொருள் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் இடையே உள்ள கழுத்துக் குழாயில்தான் சந்தேகம். பங்க்கில் துப்பாக்கி தானாக நிற்கும் அளவுக்கு மேல் நிரப்பினால் எரிபொருள் வாடை வரலாம், சில வண்டிகளில் கசியவும் செய்யலாம் என்று அறிவித்தார்கள். சோதித்துப் பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித் தந்தார்கள். அதே நிறுவனம் 2010 பிப்ரவரியில் சுமார் 1 லட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்தது. பெட்ரோல் பம்பில் உள்ள ஒரு கேஸ்கட்டை மாற்றத்தான் அந்த அழைப்பு.

அமெரிக்காவில் 1978-இல் போர்டு கம்பெனி பின்டோ வகை கார்களையும் அதே அமைப்புள்ள பாப்கேட் கார்களையும் சுமார் 15 லட்சம் அளவில் அழைக்க நேர்ந்தது. பின்னால் வேறு வண்டி மோதினால் டேங்க் கிழிந்து தீப்பிடிக்கும் அமைப்பு அவற்றில் இருந்தது. உயிர்கள் போன பிறகே அழைப்பு வந்தது. செய்த பரிகாரமோ, டேங்குக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பும், நீளமான ஒரு ஊற்றுக் குழாயும்தான். சிறிய பாகம், பெரிய ஆபத்து என்பதே இவற்றில் இருந்து தெரிவது. "ஒரு கேஸ்கட்டுக்காகவா ஒரு நாள் வேலையைக் கெடுத்துக் கொண்டு டவுனுக்குப் போவது?" என்று அழைப்பை ஒதுக்கிவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012-இல் கொண்டுவந்த நெறிமுறையின்படி, கம்பெனிகள் தாமாக முன்வந்து அழைப்பது வழக்கமாயிற்று. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஓட்டுபவர், பயணம் செய்பவர், சாலையில் செல்பவர், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குத் தீங்கு தரும் பழுது இருந்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிட இந்தப் பிரிவு வழி செய்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். இத்தனை உரிமையாளர்கள் புகார் செய்தால் விசாரணை என்று விதியில் அளவு உண்டு. ஆகவே ஒவ்வொருவர் புகாரும் எண்ணிக்கையில் சேரும். வாய்மொழியாகப் புலம்பினால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

பம்புசெட் எஞ்சின், விசைத் தெளிப்பான் போன்றவை மோட்டார் வாகனங்கள் அல்ல. ஆனால் 2019-இல் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் துணை நிற்கிறது. ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட, அச்சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே கருவி வாங்கிய சிறு விவசாயியும் இச்சட்டப்படி நுகர்வோர்தான்.

பழைய வண்டி வாங்கியவர்கள் கவனத்துக்கு

சிறு விவசாயிகளில் பலர் டிராக்டரையும் சரக்கு வண்டியையும் இரண்டாம் கையாக வாங்குகிறார்கள். பணம் கொடுத்து, புத்தகத்தை வாங்கி வைத்துக் கொண்டு, பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். திரும்ப அழைக்கும் கடிதமும் தொலைபேசித் தகவலும் கம்பெனியிடம் பதிவாகியுள்ள உரிமையாளருக்குத்தான் போகும். வண்டியை விற்றவர் அதைப் படித்துவிட்டுப் போட்டுவிடுவார். ஆபத்தான வண்டி வாங்கியவர் வீட்டில் நிற்கும்.

ஆகவே வாங்கிய உடனே படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் இருவரும் கையெழுத்திட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்து கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பிறகு அந்த மாடலின் டீலரிடம் போய், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, "இந்த வண்டிக்கு ஏதேனும் அழைப்பு பாக்கி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். புதிய விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் பதிந்து கொள்ளும்படி சொல்ல வேண்டும். பல கம்பெனிகளின் இணையதளத்திலும் சேஸிஸ் எண்ணை அடித்துப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகள் செல்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அழைப்பு வந்தால்

1. அழைப்பில் உள்ள மாடல், தயாரான தேதி, சேஸிஸ் எண் ஆகியவற்றை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

2. அழைப்பு உண்மையானதா என்று டீலரிடம் நேரில் கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும். அழைப்பின்படி மாற்றும் பாகத்துக்கும் கூலிக்கும் பணம் தர வேண்டியதில்லை. முன்பணம் அனுப்பச் சொல்லி வரும் செய்திகளை நம்பக் கூடாது.

3. அதுவரை டேங்கை முழுதும் நிரப்பாமல், வைக்கோலுக்கும் வீட்டுக்கும் எட்டத் திறந்த வெளியில் வண்டியை நிறுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியக் கசிந்தால் ஓட்டிக் கொண்டு போகாமல், டீலரை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

4. வேலை முடிந்ததும், மாற்றிய பாகம் எழுதப்பட்ட ஜாப் கார்டின் நகலை வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக் கொள்ள வேண்டும். வண்டியை விற்கும்போதும் அது உதவும்.

புகார் செய்யும் முறை

அழைப்பு எதுவும் இல்லாத வண்டியில் தயாரிப்புப் பழுது என்று தோன்றினால், முதலில் டீலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். கசியும் இடத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பழுதான பழைய பாகத்தை எறிந்துவிடக் கூடாது. பில், வாரண்டி அட்டை, ஒவ்வொரு தடவையும் பெற்ற ஜாப் கார்டு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும். டீலர் கவனிக்காவிட்டால் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம்.

அதற்கும் பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பழுது தெரிந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால்

எஞ்சினை நிறுத்தி உடனே இறங்க வேண்டும். எட்டக் கூடியதாக இருந்தால் மட்டும் டேங்க் திறப்பை மூட வேண்டும். எரியும் டீசல் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். உலர்ந்த மணலை வாரிப் போட வேண்டும். சிறு தீயை நனைத்துப் பிழிந்த கோணிப்பையால் மூடி அணைக்கலாம். உலர் பொடி நிரப்பிய சிறு தீயணைப்பான் ஒன்றை டிராக்டரில் மாட்டி வைப்பது நல்லது. தீ டேங்கை நெருங்கிவிட்டால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல், ஆட்களையும் மாடுகளையும் விலக்கிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு

உழவு தொடங்கும் முன் ஒருமுறையும், கதிரடிக்கும் முன் ஒருமுறையும் டேங்க் மூடி, ரப்பர் குழாய்கள், கிளிப்புகள், பில்டர் கேஸ்கட், நாசில் குழாய்கள், பாட்டரி இணைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் மேனிபோல்டைச் சுற்றியுள்ள பதரை, ஆறிய பிறகு தட்டிவிட வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் அது நின்ற தரையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். தரை காய்ந்திருந்தால் வேலைக்குப் போகலாம். ஈரம் தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே சாவியைப் போட வேண்டும்.